வெட்டு இல்லாத நாள்

மணலோடையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.
பால்வெட்டு இல்லையென்றால் ஒத்திகை.
அதனால்தான் என்னை ஐப்பசியில் வரச்சொன்னார்கள்.

புகைப்புரைக்குப் பக்கத்துக் கொட்டகை.
ஷீட் அடிக்கும் ரோலரை ஓரமாகத் தள்ளி
ஆசிட் நாற்றம் போகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.
கரண்ட் மத்தியானமே போய்விட்டது.
பால்வாளி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டு வைத்தேன்.
எதற்காக நாடகம், என்று தொடங்கினேன்.

ஏசையன், இயக்குநர்,
ஒரு விடியலுக்கு முந்நூற்றைம்பது மரம் வெட்டுகிறவர்,
"அந்தக் கேள்விய கடைசியில வச்சுக்கிடுங்க" என்றார்.
"மொதல்ல லைட்டப் பத்திக் கேளுங்க."

கேட்டேன்.

லைட் என்று தனியாக ஒன்றும் கிடையாது.
ராத்திரி மூன்று மணிக்குத் தோட்டத்தில் இறங்க
நெற்றியில் கட்டுகிற டார்ச் ஏழு பேரிடமும் உண்டு.
அதைக் கட்டிக்கொண்டே நடிக்கிறார்கள்.
"யாருக்க மூஞ்சியில வெளிச்சம் வேணுமோ
மத்தவங்க அவனப் பாக்கணும். அம்புட்டுதான்.
அவனவன் மூஞ்சிக்கு அவனவனே அடிக்க முடியாதுல்லா."

வசனம் மறந்துபோனால்?
மற்ற ஆறு பேரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.
மறந்தவர் இருட்டில் நின்று யோசிக்கலாம்.
"ஜனங்க அத பெரிய உத்தின்னு நெனச்சுக்கிட்டாவ.
போன தடவ லாசர் அண்ணன் நாலு நிமிசம்
உத்தியாவே நின்னாரு" என்று ரோஸ்பாய் சிரித்தாள்.

லாசர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.
நாடகத்துக்கா, என்றேன்.
"நாளைக்கு மழ விட்டா?" என்றார்.

(வீட்டில் வந்து கேட்டால்
பதிவு முழுக்கத் தகரத்தின்மேல் மழை.
நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.
ஒன்றிரண்டு வசனம் மாறியிருக்கும்.)

நாடகம் ஒன்றேகால் மணி நேரம்.
அதை முடிவுசெய்தது பேட்டரி.
அதற்குமேல் ஓடினால் விடிகாலையில் மரம் தெரியாது.
முதலில் ஒரு காதல், ஒரு கல்யாணம், ஒரு சாவு இருந்ததாம்.
"காதலையும் கல்யாணத்தையும் வெட்டியாச்சு.
சாவுக்கு வெளிச்சம் வேண்டாம், அது கெடக்கட்டும்னு விட்டோம்."

கதை ஒரு தராசைப் பற்றியது.
சூப்பர்வைசர் வேஷம் கட்ட யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.
மறுநாள் பாலை எடைபோடுவது அவரல்லவா.
ஆகவே மேடையில் ஒரு காலி நாற்காலி.
எல்லோரும் அதனிடம் பேசுவார்கள்.

முதல் காட்சி நடந்த அன்று
நிஜ சூப்பர்வைசர் சசிதரன்
முன்வரிசையில் வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்திருந்தார்.
"எட செரிதானா சாரே?" என்று நாற்காலியைக் கேட்க வேண்டிய ரோஸ்பாய்
பழக்கத்தில் அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.
ஒரு டார்ச். பிறகு இன்னொன்று.
பேச வேண்டியவரைப் பார் என்பதுதானே அவர்களது விதி.
ஏழும்.

சசிதரன் கண்ணை மறைத்துக்கொண்டு எழுந்தார்.
சத்தமே இல்லை.
"எனக்கு வசனம் ஒண்ணும் தரல்லியே" என்றார்.

கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரிக் கைத்தட்டலாம்.
ஏசையனுக்கு இன்னும் அதில் கொஞ்சம் பொறாமை.
"நானு ரெண்டு மாசம் எழுதினேன். அந்த மனுசன் ஒத்த வரியில
கொண்டு போயிட்டாரு."

மறுநாள் தராசு என்ன சொன்னது, என்று கேட்டேன்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஏழு வட்டங்கள் தரையில் கிடந்தன,
ஒன்று என் செருப்பின்மேல்.

"நாலு நாளு செரியா இருந்து" என்றார் லாசர்,
கல்லில் தண்ணீர் தெளித்தபடி.
"அஞ்சாம் நாளு பழையபடி ஆச்சு.
வாற மாசம் பதினாறாந் தேதி திரும்பவும் போடுதோம்.
அவருக்கு மொத வரிசைதான்."

பிறகு தகரத்தில் சத்தம் மெலிந்தது.
ரோஸ்பாய் வாசலில் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு
"விட்டாச்சு" என்றாள்.
ஒவ்வொன்றாக டார்ச்சுகளை அணைத்தார்கள்,
மூன்று மணிக்கு வேண்டும் என்பதால்.
என் தாளில் இன்னும் நான்கு கேள்வி இருந்தது,
வாளி எங்கே என்று தடவிக்கொண்டிருந்தேன்.