முப்பத்தெட்டு டிகிரி

காலை ஆறரை. குளத்தைத் திறப்பவள் நான்.
இரவு விழுந்த பனியைத் தள்ளிவிட்டு
நடைபாதையில் உப்புத் தூவி
வெந்நீர்த் தொட்டியில் வெப்பமானியை இறக்கி
வரும் எண்ணைச் சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதுவேன்.
முப்பத்தெட்டு.
பதினான்கு வருடமாய் அதே எண்.
அழிப்பதுகூட இல்லை. மேலேயே எழுதி எழுதி
எட்டு தடித்துப்போயிருக்கிறது.

எழுபது நாள் எங்கள் கடற்கழிக்குச்
சூரியன் வராது, மலை விடாது.
வெந்நீர் வரும்.
பாறைக்கு அடியில் யாரோ
அடுப்பை அணைக்க மறந்துபோனதுபோல்
அழுகிய முட்டை வாசத்தோடு
வந்துகொண்டே இருக்கும்.

சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான்
தொட்டியில் இறங்கவேண்டும். சட்டம்.
கோட்டு, கார் சாவி, பதவி
எல்லாம் அலமாரியில்.
கிரேன் ஓட்டும் ஒட்கெய்ர்,
தபால்காரி ஹ்ரெப்னா,
மீன் அறுக்கும் டனூட்டா (போலந்துக்காரி,
விரலிடுக்கில் எப்போதும் ஒரு செதில்),
மீன் ஆலை முதலாளி தோர்கில்ஸ்.
கழுத்துக்கு மேல் மட்டும் மனிதர்கள்,
தலைமுடியில் உறைபனி,
முழங்கால்கள் யாருடையவை என்று தெரியாது.
ஊரை நடத்துவது இந்தத் தொட்டி.
நகராட்சி பிறகு கூடிக் கையெழுத்துப் போடும்.

முன்பு இங்கே மீனவர்க்கு நீந்தத் தெரியாது.
தெரிந்தால் சாவு நீளும் என்றார்களாம்.
ஒரு மார்ச் மாதம்
கூப்பிடு தூரத்தில் படகு கவிழ்ந்தது.
கரையில் நின்றவர்கள் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள்.
பதினொரு பெயர்.
மறு வருடம் வெட்டியது இந்தக் குளம்.

நவம்பரில் சால்மன் பண்ணைக்காரர்கள் வந்தார்கள்.
குஞ்சுகளுக்கு இதமான நீர் வேண்டும்,
வினாடிக்கு நாற்பது லிட்டர், முப்பது வருடம்.
ஊற்று தோர்கில்ஸின் நிலத்தில்.
லிட்டர் என்ன விலை என்று
ஒட்கெய்ர் தொட்டியிலேயே கேட்டான்.
தோர்கில்ஸ் சொன்ன எண் எவ்வளவு சின்னது!
சிரித்துவிட்டோம்.
வினாடிகளால் பெருக்கிப் பார்த்த ஹ்ரெப்னாதான்
முதலில் நிறுத்தினாள்.
டனூட்டா சிரிக்கவே இல்லை.
அவள் மகனுக்கு அங்கே வேலை.

அடித்தால் விலகாது நீர்.
குழாய் போட்டால் விலகும்.

இன்று வியாழன். மைனஸ் ஒன்பது.
வெப்பமானி முப்பத்தாறு என்றது.
உதறிவிட்டு மறுபடி இறக்கினேன்.
முப்பத்தாறு.
சுண்ணக்கட்டியோடு பலகை முன் நின்றேன்.
அந்தத் தடித்த எட்டை அழிக்க
ஈரத்துணி போதாது, சுரண்டவேண்டும்.
விட்டுவிட்டேன்.

வந்தார்கள், இறங்கினார்கள்.
வானிலை பேசினார்கள், யாருடைய நாயோ
குட்டி போட்டதைப் பேசினார்கள்.
பலகையை ஒருமுறை பார்த்த ஹ்ரெப்னா
என்னை ஒருமுறை பார்த்தாள்.
கம்பளித் தொப்பியோடு தோர்கில்ஸ் வந்தார்,
படி படியாக இறங்கினார்,
"இன்று சற்று ஆறியிருக்கிறது, இல்லையா?"
என்றார்.

ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

பிறகு டனூட்டா நகர்ந்தாள்.
குழாய் வாய் இருக்கும் மூலை,
தொட்டியிலேயே சூடான இடம்,
வயதில் மூத்தவருக்கென்று விடுவது.
கையால் காட்டினாள்.
அவர் போகவில்லை.
தாடை வரைக்கும் அமிழ்ந்து
எதிர்க்கரையின் விளக்குகளையே பார்த்திருந்தார்,
விரல் நுனிகள் சுருங்கும்வரை,
அதற்கு மேலும்.
எழுந்தால் குளிரும்.

ஒன்பது மணிக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்.
நீந்தாமல் யாருக்கும் இங்கே பள்ளி முடியாது.
மிதவைகளை எண்ணி வைக்கிறேன்.
இருட்டில் மஞ்சள் தொப்பிகள்
பெரிய குளத்தில் குதித்துச் சிதறுகின்றன.
பட்டியலைப் பிடித்துக்கொண்டு
பெயர் பெயராகக் கூப்பிடுகிறேன்.
பதினான்கு பேரும் கத்திப் பதில் சொல்கிறார்கள்.
பதினைந்தாவது, யோர்முண்டுர்,
தண்ணீருக்கு அடியில்
மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
இன்னொரு முறை கூப்பிடாமல்
பென்சிலைப் பெயர்மேல் வைத்தபடி
நிற்கிறேன்.