மெருகு

பதிவுப் புத்தகத்தில் வெளிர் பச்சை என்று இருக்கிறது.
எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
எச்செவெரி நிறம் என்பார்கள்,
பெயிண்ட் கடைக்காரர் உட்பட.
ஹில்மன், ஐம்பத்து மூன்றாம் வருடத்து வண்டி.
வில்மார், தெல்மிரா, நான்,
மூன்று பேர் பெயரில் ஒன்று.
விற்க மூன்று கையெழுத்து வேண்டும்.
கழுவ ஒருத்தி போதும்.

பிரியாபோலிஸில் கடல் எல்லாவற்றையும் கேட்கும்.
ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், என் மருந்துக்கடை ஷட்டர்,
கேட்டால் கொடுத்துவிடுவோம்.
இந்த ஒன்றை மட்டும் தரமாட்டேன் என்று
முப்பத்தொரு வருடம்,
அப்பா சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து,
ஞாயிறுதோறும்
அவருடைய பச்சைக் கட்டம் போட்ட சட்டையைக் கிழித்த துணியால்
பானெட்டில் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன்.
மேகம் தெரியும்வரை.
என் தாடை தெரியும்வரை.

போன மாதம் மோன்டெவிடியோவிலிருந்து ஒருவர் வந்தார்,
பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் எழுதுகிறவர்.
சின்ன விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு
அடியில் நுழைந்தார். முதுகெல்லாம் மண்ணோடு வந்து
"ஒரு திருகாணிகூட மாறவில்லை, சென்யோரா" என்றார்.
வைப்பரில் ஒன்று மட்டும் சந்தேகமாம்.
நாலு பத்தில் நின்ற கடிகாரம்
அப்படியே நிற்கட்டுமாம்.

பின்சீட்டில் ஒரு பொத்தான் அளவுக்குக் கருகல்.
இது? என்றார்.
தெல்மிரா, என்றேன்.
எழுபத்தைந்து, ஜூன்.
சீட்டுக்கும் தரைக்கும் நடுவே, போர்வைக்கு அடியில் படுத்து
சுயி எல்லைவரை போனாள்.
வழியில் மூன்று சாவடி.
மூன்றாவதையும் தாண்டிய பிறகு எழுந்து உட்கார்ந்து
ஒன்று பற்றவைத்தாள்.
கை நடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பென்சிலை உதட்டில் வைத்து யோசித்தார்.
"தொழிற்சாலையில் வந்ததல்ல" என்று எழுதினார்.
எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
புள்ளி எதையும் குறைக்காமல்
பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு பானெட்டுக்கு வந்தார்.
நடுவில், என் வட்டங்கள் எல்லாம் கூடும் இடத்தில்,
பச்சைக்கு அடியிலிருந்து
செங்கல் சிவப்பில் அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது.
உள்ளங்கை அகலம்.
நிழல் என்று நினைத்திருந்தேன் நான்.
"இது கடல் இல்லை" என்றார், "வெயிலும் இல்லை.
யார் இவ்வளவு துடைத்தது?"

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
எறும்பிடம் யாராவது சொன்னார்களா?

துணியைத் துவைக்கும்போதெல்லாம்
வாளியில் பச்சைத் தண்ணீர் வரும்.
சட்டை சாயம் போகிறது என்று
இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

வில்மாருக்கு போன் செய்தேன்.
"அதான் சொன்னேனே, புதுசாய் அடித்துவிடலாம்" என்றான்.
அவனுக்கு எதையும் புதுசாய் அடிக்க வேண்டும்,
முதல் கல்யாணம் முடிந்ததிலிருந்து அப்படித்தான்.
தெல்மிராவுக்குப் படம் அனுப்பினேன்.
மால்மோவில் நள்ளிரவு.
உடனே பதில் வந்தது:
பானெட் கிடக்கட்டும். சீட்டைக் காட்டு.

இப்போது எனக்கு உத்தரவு இது.
துடைக்கக் கூடாது. மெழுகு கூடவே கூடாது.
தூசி படிந்தால் இறகால் தட்டலாம், அழுத்தாமல்.
ஆனால் ஓட்ட வேண்டும்.
ஓட்டாவிட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும்,
எண்ணெய் அடியில் பிசினாகும்.
தொடாதே, ஆனால் போ.

ஞாயிறு காலை. கைக்கு வேலை இல்லை.
சோக்கை இழுத்தேன்.
மூன்றாவது முறை இருமிக்கொண்டு எழுந்தது.
கடற்கரைச் சாலையில் நாற்பதில் போகிறேன்.
பின்னால் ஒரு பேருந்து பொறுமை இழக்கிறது, இழக்கட்டும்.
பக்கத்து சீட்டில் துணி,
மடித்து,
காரின் கொஞ்சம் அதில்தான் இருக்கிறது.

அலை தெறித்து முன்கண்ணாடி மங்குகிறது.
இரண்டு வைப்பரில்
சந்தேகத்துக்குரிய அந்த ஒன்றுதான்
ஒழுங்காகத் துடைக்கிறது.