இரண்டாம் புள்ளி

பெரிய புள்ளி ஒருவர் வருகிறாராம் வியாழக்கிழமை.
பள்ளிக்கூடச் சுவரில் ஊர்ப் பெயர் எழுது என்று
ஆள் அனுப்பியிருந்தார் வடேரோ.
கூலி கிடையாது. கடனில் முந்நூறு கழியும்.

எனக்கு எழுத்துத் தெரியாது.
வண்டிப் பலகையில் மயில் வரைவேன்,
லாரிக் கதவில் புறா.
தாளில் எழுதிக் கொடுத்தால்
அதையும் அப்படித்தான்:
இது படகு, இது கொக்கி,
இது வாலைச் சுருட்டிய தேள்.
வலமிருந்து இடம் போகணும், அவ்வளவு தெரியும்.

கணக்குப்பிள்ளை சாவி கொண்டுவந்து திறந்ததும்
ஆடுகள் வெளியே வந்தன,
மணியடித்துவிட்ட மாதிரி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
கரும்பலகைக்குப் பின்னால் யூரியா மூட்டை.
வாத்தியார் கராச்சியில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.
சம்பளத்தில் பாதி அவருக்கு. மீதிப் பாதியைப் பற்றி
நான் வாய் திறப்பதாக இல்லை.

புழுக்கை அள்ளினேன், சுண்ணாம்பு அடித்தேன்,
இரவல் ஏணியில் ஏறி வரைந்தேன்.

வியாழன் காலை
மிளகாய்க் காட்டில் நாற்பது பிள்ளைகளைப் பொறுக்கினார்கள்,
பழம் பார்த்துப் பறிப்பதுபோல.
கொஞ்சம் சதைப்பிடிப்பு வேண்டும், இருமல் கூடாது.
மூட்டையில் வந்திறங்கின நீலச் சட்டைகள்.
என் நாபூவுக்குக் கிடைத்தது முழங்கால்வரை தொங்கியது.
"கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதே" என்றேன்.
இதுவரை நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

வந்தவர் மோசமில்லை.
சும்மா போகாமல் சாக்பீஸ் எடுத்து
ஒரு படகு போட்டு, அதன் கீழே
ஒன்றுக்குக் கீழ் ஒன்றாய் இரண்டு புள்ளி வைத்தாராம்.
மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லும் 'ப'.
"ஆட்டுக்கு முதல் எழுத்து" என்றாராம்.
பிள்ளைகள் சிரித்ததற்குக் காரணம் புரியவில்லையாம் அவருக்கு.
பிறகு போட்டோ. பிறகு வடேரோ வீட்டில் பிரியாணி.
பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம்,
சட்டையைக் கழற்றித் தந்தபின்.

சிந்தியில் ஐம்பத்திரண்டு எழுத்தாம்.
ஒன்று என் வீட்டுக்கு வந்துவிட்டது.
மணலில் போட்டாள்.
பானையின் வியர்வையில் போட்டாள்.
தூங்கும் தம்பி வயிற்றில் விரலால் போட,
எரிச்சலில் அவன் அலறி எழுந்தான்.

கடன் பத்திரத்தில் என் கைநாட்டு ஒன்றுதான்.
பறிக்கிற கை எட்டு.
மறுநாளே எட்டும் காட்டில் இருந்தன.

கூடையோடு பள்ளியைத் தாண்டும்போது நின்றுவிட்டாள்.
"அப்பா, நம்ம ஊருக்கும் ஆட்டு எழுத்துதான்.
நீ ஒரு புள்ளிதான் வெச்சிருக்க."

அதன் அடியில் நின்றுதான் எல்லாரும் படம் எடுத்தார்கள்,
படித்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

பெயிண்ட் தீர்ந்துபோச்சு என்றேன்.
ஏணியும் நம்மது இல்லை என்றேன்.
ஒன்றும் பேசாமல் நடந்தாள்.

இன்று எடை போடும் நேரத்தில் அவளைக் காணோம்.
தேடிப் போனால், பள்ளிச் சுவரோரம்
கழுதை வண்டிமேல் நுனிக்காலில் நிற்கிறாள்.
கழுதையின் காதைப் பிடித்துக்கொண்டு தம்பி.
பழுத்த மிளகாயைக் கசக்கி
அந்த இடத்தில் தேய்க்கிறாள், தேய்க்கிறாள்.
சுண்ணாம்பில் சிவப்புப் பிடித்தது,
கொஞ்சம் கோணலாக.

கணக்குப்பிள்ளை என் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது.
நான் போய்க் கழுதையின் மறுகாதைப் பிடித்துக்கொண்டேன்.
பூட்டிய கதவுக்கு உள்ளே
ஓர் ஆடு தும்மியது.