கேட் போட்டாச்சு

பழைய மாணவர்கள் பேசி முடிக்கவே
ஏழே முக்கால் ஆகிவிட்டது.
‘எங்க காலத்துல’ என்று ஒருவர் தொடங்கினார்,
மைக் அவரிடமிருந்து தப்பிக்க வழி தெரியாமல்
இரண்டு முறை வீறிட்டது.
நேரமின்மை காரணமாக, என்றார் தலைமையாசிரியர்,
எங்களைப் பார்த்துக் கத்தரிக்கோல் போல
விரலை வெட்டிக் காட்டி.

பாட்டை நிறுத்தியது நான்தான்.
பென்டிரைவ் என்னிடம் இருந்தது.

ஒரு மாதம்,
சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு
கோபிகா வீட்டு மாடியில்
அவித்த நெல் காயும் தார்ப்பாயை ஓரமாக இழுத்துவிட்டு
ஆறு பேர் ஆடினார்கள்.
நான் நிறுத்துவேன், பின்னால் இழுப்பேன், மறுபடி போடுவேன்.
நஸ்ரின் இடது காலை எங்கே மறப்பாள்,
விஜி எங்கே சிரித்துக் கெடுப்பாள்,
விநாடிக் கணக்கில் எனக்குத் தெரியும்.
ஆடத்தான் வராது.

உடை மாற்ற வரிசை நீளம்.
மாற்றாமலே கிளம்பினோம்.
ஐந்து சைக்கிள், ஏழு பேர்,
கும்பகோணத்து வாடகைப் பாவாடை ஆறு
(ஞாயிறு பத்து மணிக்குள் திருப்பித் தரணும்,
ஜரிகை பிரிந்தால் நூறு ரூபாய்),
யூனிஃபார்ம் ஒன்று.
யாரும் என்னிடம் பேசவில்லை.
கோபம் என்றும் சொல்லவில்லை.

நீடாமங்கலம் கேட் போட்டாச்சு.
போட்டால் சீக்கிரம் திறக்காது,
இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.
பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள்.
கடலை விற்பவர் இரண்டு சுற்று வருவார்.
எங்களுக்கு முன்னால்
அறுப்பு மிஷின் ஒன்று, சக்கரமெல்லாம் சேறு,
ஆத்தூர்க்கார டிரைவர்
பாட்டுப் பெட்டியை நோண்டிக்கொண்டிருந்தார்.

‘அண்ணே, யூஎஸ்பி இருக்கா?’
கேட்டது நானா?
நான்தான்.

அவர் பென்டிரைவைச் செருகினார்.
கேட்காமலேயே
பின்பக்க விளக்கையும் போட்டார்.
வயலுக்குப் போடுகிற விளக்கு.
ரோட்டில் கிடந்த வைக்கோல் துணுக்குகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

விட்ட இடத்திலிருந்து, என்றாள் கோபிகா.
நான் விரலால் எண்ணினேன், ஐந்து, ஆறு, ஏழு,
எட்டில் ஆறு பாவாடையும் விரிந்தது.

பக்கத்தில் திலீபன் கோஷ்டி,
ஒரே பைக்கில் மூன்று பேர், மடியில் பரோட்டா பொட்டலம்.
அவன் செல்போனைத் தூக்கினான்.
விஜி பார்த்த பார்வையில்
அதை டார்ச் ஆக்கிக்கொண்டான்.
பஸ் ஜன்னலில் ஒரு குழந்தை கைதட்டியது,
பிறகு அதன் அம்மா.

சரக்கு ரயில் வந்தது.
அதன் சத்தத்தில் பாட்டு காணாமல் போனது.
எத்தனை பெட்டி என்று யாரும் எண்ணவில்லை.
பாட்டு கேட்காத அந்த நேரம் முழுக்க
நான் உரக்கத் தாளம் சொன்னேன், தொண்டை கிழிய.
என் வாயைப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.
நஸ்ரின் இடது காலை மறக்கவில்லை.
மறந்திருந்தால் தெரிந்திருக்கும்,
அந்த இடத்தில் என் கால்
தானாகவே முன்னால் போயிருந்தது.

கேட் தூக்கியதும்
பின்னாலிருந்து அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில்.
சைக்கிளை ஓரம் கட்டுவதற்குள்
மிஷின் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது,
கடைசி ஒரு நிமிடப் பாட்டோடு.

துரத்தினோம்.
கேரியரில் உட்கார்ந்து நான் கத்த,
பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு கோபிகா மிதிக்க,
மன்னார்குடி ரோடு திருப்பம் வரைக்கும்.
அதற்கப்பால் இருட்டு,
அறுத்த தாளின் ஈர வாசனை,
ரொம்ப தூரத்தில் நம் பாட்டு.

செயின் கழன்றது.
ஏழு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தோம்.
வீட்டில் எட்டரை என்று சொல்லியிருந்தோம்.
மணி ஒன்பதே கால்.
கோபிகா கையில் கிரீஸ், பாவாடையிலும் கிரீஸ்.
நூறு ரூபாய்க்கு ஆளுக்கு எவ்வளவு என்று
விஜி கணக்குப் போட்டாள்.
ஏழால் வகுத்தாள்.

பென்டிரைவ் கம்ப்யூட்டர் சாருடையது.
திங்கட்கிழமை கேட்பார்.