மைனஸ் எண்பது

இரவு இரண்டே காலுக்கு என் போன் அடித்தால்
எங்கோ ஒரு குளிர்பெட்டி சாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.
மொந்தெவிதேயோவின் ஆஸ்பத்திரிகளில்
இருபத்திரண்டு வருடமாகக் குளிரைப் பழுதுபார்க்கிறவன் நான்.
அன்று அடித்தபோது
அபாயமணி எதுவும் இன்னும் ஒலித்திருக்கவில்லை.

"சுருதி இறங்கியிருக்கிறது," என்றாள்.
எதனுடைய சுருதி?
"மூன்றாம் மாடி, ஜன்னலோரப் பெட்டி.
நேற்றுவரை ஒரே சுரத்தில் முனகியது.
இப்போது அரைச்சுரம் கீழே."

கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.
ஜூலை மாதம். ஆற்றுக் காற்று
எலும்புக்குள் கைவிட்டுச் சில்லறை தேடும்.
போனேன்.

ஐனாரா ஒலாசபல், வயது இருபத்தொன்பது.
காலில் இரண்டு ஜோடி காலுறை.
மேசைக்கடியில், உள்ளே விடக் கூடாத நாயைப் போல,
ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் பாந்தோனியோன்.
திரை மைனஸ் எழுபத்தொன்பது காட்டியது.
அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
பின்தகட்டைக் கழற்றிக் காதை வைத்தேன்.
கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்திருந்தது.
போனால் போகிறது என்றாலும்
விடியல்வரை தாங்காது.

உள்ளே நானூற்றுப் பதினோரு பேர்,
அவரவர் கணையத்தின் கடுகளவு துணுக்காக.
பெயர் இல்லை, எண் மட்டும்.
பாதிக்கு மேல் இப்போது மண்ணுக்குள்.
நடைபாதைக் கடைசியிலிருந்த வேறு பெட்டிக்கு மாற்றினோம்,
உலர்பனிப் புகை முழங்கால்களில் உரச.
ஒவ்வொன்றையும் எண்ணைச் சொல்லி எடுத்தாள்,
வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல.
"உள்ளேன்" என்று சொல்ல எனக்கு வாய் ஊறியது.
சொல்லவில்லை.

விடியும்போது என் மாத்தேக் குடுவையைப் பகிர்ந்துகொண்டோம்.
பாந்தோனியோனை மடியில் வைத்துக் காட்டினாள்:
எழுபத்தோரு பொத்தான்.
இழுத்தால் ஒரு சுரம்,
அதே பொத்தான் தள்ளினால் வேறு.
யாரோ குடிபோதையில் அடுக்கிய வரிசை.
விரல் பழகப் பதினோரு வருடம்.

"புற்றுநோய் செல்லும் இப்படித்தானா?" என்று கேட்டேன்,
புத்திசாலியாகத் தெரிய.
"இல்லை," என்றாள்.
"செல் செல்தான். துருத்தி துருத்திதான்.
இரண்டையும் முடிச்சுப் போடுவது
பேட்டி எடுக்க வருகிறவர்கள்."

ஆய்வகத்தில் இசையைப் பொழுதுபோக்கு என்கிறார்களாம்.
குழுவின் வயலின்காரர் பௌஸ்தினோ
ஆய்வைப் பொழுதுபோக்கு என்கிறாராம்.
ஒப்பந்தம் நாலு மாதத்துக்கு ஒருமுறை.
கச்சேரிக் காசு டாக்ஸிக்குக் காணாது.
"இரண்டு பிள்ளை. இரண்டுக்கும் நான் மாற்றாந்தாய்,"
என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நவம்பரில் ஒரு சுழற்றியைப் பார்க்கப் போனபோது சொன்னாள்:
மூன்று வருட மருந்து
ஒன்றும் செய்யவில்லை.
ஊற்றிய தட்டிலும் ஊற்றாத தட்டிலும்
செல்கள் ஒரே மாதிரி கொழுத்திருந்தன.
அதையே எழுதிக்கொண்டிருந்தாள், படங்களோடு, கணக்குகளோடு.
தோற்றதை எதற்கு எழுதுவானேன்?
"இந்த வழி அடைப்பு என்று ஒரு பலகை வைக்க வேண்டாமா?"
திரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்.
ஏன் என்று தெரியவில்லை, எனக்குத் தொண்டை அடைத்தது.
சுழற்றியில் ஒரு திருகை இரண்டு முறை முடுக்கினேன்.

அன்று தேதி இருபத்தொன்பது.
ஊர் வழக்கப்படி தட்டின் கீழ் நாணயம் வைத்து
ஞோக்கி தின்றுவிட்டு
பாரியோ சூரில் அவள் வாசிக்கும் கூடத்துக்குப் போனேன்.
ஐந்து பேர் மேடையில், பதினேழு பேர் கீழே.
அமர்ந்தாள். தொடையில் துணி விரித்தாள்.
சுரமே இல்லாமல் காற்றை மட்டும் விடும் பொத்தான் ஒன்று
கட்டைவிரலுக்கு உண்டு.
அதை அழுத்தித் துருத்தியை மெல்ல விரித்தாள்.
அந்தப் பெருமூச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

ஆனால் தொடங்கவில்லை.
புருவம் நெரிந்தது. தலை சாய்ந்தது.
கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

எனக்கும் அப்போதுதான் கேட்டது:
கல்லாவுக்குப் பின்னால்
பீர் குளிர்பெட்டி,
சுருதி சேராமல்.

எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கினேன்.
கடைக்காரன் கத்தினான்.
கத்தட்டும்.