எட்டு மணி நேர ஷோர் பாஸ்

மழை பிடித்தால் கருங்கல் சந்தையில்
ஜெராக்ஸ் கடைக்கு ஆள் வருவதில்லை.
அப்படியொரு மத்தியானம்
யாரோ விட்டுப்போன பட்டா நகலின் பின்பக்கத்தில்
உங்கள் ஒரு நாளை எழுதத் தொடங்கினேன்.

கப்பல் வியாழன் ஹிமேஜியில் கட்டும்,
எட்டு மணி நேரம் வெளியே விடுவார்கள் என்றீர்கள்.
அதில் பாதியை நாங்கள்
மார்த்தாண்டத்து நெரிசலுக்கே கொடுத்துவிடுவோம்.
அதனால் சிக்கனமாகப் பிரித்தேன்.

ஏழரை, துறைமுக வாசல்.
பாஸ் சட்டைப்பையில் இருக்கட்டும்.
சிட்டகாங்கில் தொலைத்தது போதும்.
எட்டு ஐந்து, பஸ்.
இறங்கும்போதுதான் காசு, முந்திக்கொண்டு நீட்டாதீர்கள்.
எட்டு ஐம்பது, ரயில் நிலையம்.
வடக்கு வாசலில் நின்றாலே
ரோட்டின் கடைசியில் வெள்ளையாகத் தெரியும் கோட்டை.
யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.
பாஷை தெரியாவிட்டாலும் நீங்கள்
பேச்சில் உட்கார்ந்துவிடுகிற ஆள்.

ஒன்பது, கோட்டை திறக்கும்.
இங்கே அப்போது ஐந்தரை,
குறும்பனைக் கோயிலில் மணி அடிக்கும்.
நான் எழுந்திருப்பேன்.

உள்ளே செருப்பைக் கழற்றிப்
பையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டு ஏறணும்.
கிழிந்த சாக்ஸ் வேண்டாம்.
மரப்படி, செங்குத்து,
உங்கள் இஞ்சின் ரூம் ஏணிக்குச் சொந்தக்காரன் போல.
தலை குனிந்தே ஏறுங்கள்,
உங்கள் உயரத்தைக் கேட்டுக் கட்டவில்லை.

உச்சி மாடிக்குப் பத்து நிமிஷம் கூடப் போட்டிருக்கிறேன்.
கூரை முனையில் மீன் இருக்கிறது.
புலித்தலை, மீனுடம்பு, வால் ஆகாயத்தில்.
தீப்பிடிக்காமல் காக்குமாம்.
மீன் வந்தால் அடுப்பு எரியும் என்றுதான்
நமக்குத் தெரியும்.

இறங்குகிற வழியில் ஒரு கிணறு.
உள்ளிருந்து ஒருத்தி இரவில் தட்டு எண்ணுவாளாம்,
ஒன்பதோடு நின்றுவிடுமாம், பத்தாவது கிடைக்காதாம்.
உங்கள் ஒப்பந்தமும் ஒன்பது மாதம்.
அங்கே நிற்க வேண்டாம், நேரே வாருங்கள்.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று பதிலுக்கு வந்தது.

வியாழன்.
மணி அடித்தது, எழுந்தேன்.
மீன் குழம்பு கூட்டும்போது
இப்போது மூன்றாவது மாடி என்று நினைத்தேன்.
பஸ்ஸில் ஜன்னலோரம்
இப்போது உச்சி.
கடை ஷட்டரைப் பாதி தூக்கியபோது போன்.

"புல்லு கிடக்கு கோட்டைக்கு முன்னால.
ஒரு மரம். சும்மா இருந்தேன்.
ஒறங்கிட்டேன், கேட்டியா."
எவ்வளவு நேரம்?
"மூணு மணி நேரம் காணும்."
உள்ளே?
"ஏறல்ல."
மீன்?
"கிடந்துக்கிட்டே கண்டேன். நல்ல மீனு."

டிக்கெட், சாக்ஸ், அந்தப் பத்து நிமிஷம்,
எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு ஏறி வந்தது.
அதற்குள் அவர்தான் சொன்னார்:
"அஞ்சு மாசமா ஒறக்கத்திலயும் இஞ்சின் ஓடும்.
இங்க ஒண்ணும் கேக்கல்ல.
இஞ்சின் நின்னு போச்சுன்னு
பயந்துதான் முழிச்சேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.
அங்கே ஏதோ ஒரு குழந்தை
யாரையோ கூப்பிட்டு ஓடிய சத்தம் மட்டும்.
"கட் ஆயிட்டா?" என்றார்.
இல்லை என்றேன்.
மெஷின் சுவிட்சில் வைத்த கையை
எடுத்துக்கொண்டேன்.

பத்தரைக்குக் குடையோடு ஒருவர் வந்தார்,
போன வாரம் பட்டா நகலை இங்கேயே
மறந்துவிட்டாராம்.
தேடி எடுத்துக் கொடுத்தேன்.
சர்வே நம்பரைச் சரிபார்த்தார்,
பின்பக்கம் திருப்பினார்,
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:
"எட்டு அஞ்சு...
இது எந்த ரூட்டு பஸ்ஸு மக்கா?"