அறுபத்தொரு மணி, பதினான்கு நிமிடம்

காந்தி வீதி ஞாயிறு சந்தையில்
பெல்ட்டுகளுக்கும் பழைய சார்ஜர்களுக்கும் நடுவே
கிடந்தது அந்த கேம் பெட்டி.
இரண்டாயிரத்து நூறுக்குப் பேசி வாங்கினேன்.
முத்தியால்பேட்டை மாடியறையில் டிவியோடு மாட்டினால்
உள்ளே ஏற்கெனவே ஒருவன் இருந்தான்.
சேமித்த பெயர்: செவரின்.
அறுபத்தொரு மணி, பதினான்கு நிமிடம்.

கதை இதுதான்:
பெயர் மறந்த ஒருத்தி கரையொதுங்குகிறாள்.
ஊரெங்கும் சீட்டுகள், எல்லாம் அவள் கையெழுத்து.
'நீ இங்கே முன்பும் வந்திருக்கிறாய்.'
'பாலத்துக்குப் போகாதே.'
செவரின் அவளைப் பாலத்தின் நுனிவரை
கூட்டிவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.
திரையில் ஒரு சொல் மட்டும் துடித்தது:
தொடரவா?

எங்கள் ஊர்ப் பழைய பாலமும்
நடுவில் இடிந்து, மிச்சம் கடலில் நிற்கிறது.
போன ஐப்பசியில் நான்கு இரவு
அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
மழைக்கோட்டில் இன்னும் உப்பு வாடை.

மறு ஞாயிறு கடைக்காரரைக் கேட்டேன்.
"பேரெல்லாம் யாரு கேக்குறா?
ஒல்லியா ஒரு பையன்.
ஒயரெல்லாம் தொடச்சு, சுருட்டிக் குடுத்தான்."
ஒயரைத் துடைத்துத் தருகிறவனைப் பற்றி
என்னவென்று நினைப்பது?

அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடலாம்.
விரல் போகவில்லை.
குச்சியைப் பின்னால் இழுத்தேன்.
திரும்பி நடந்தாள்.
பாதிப் பாலத்தில், பலகைக்கடியில்,
அவன் பார்க்காமல் விட்ட ஒரு சீட்டு:
'பசிக்கிறதென்றால், அது நீதான்.'

மணி இரண்டே கால்.
அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.
அறுபத்தொரு மணி, இருபது நிமிடம்.
பெயரை மாற்றவில்லை.

விடிந்ததும் ரெஜினாவை அழைத்தேன்.
முதல் இரவை மட்டும் சொன்னேன்.